சுரங்க ரயிலில் டவர் போகிறதா? போனைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

"திருமங்கலம் வந்தா டவர் போயிருது தம்பி. ரெண்டு கடையில காட்டிட்டேன்" என்று போனை மேசைமேல் வைத்தார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். நானும் அக்கறையாக விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கமா, ரயில்வே கேட் பக்கமா, விருதுநகர் ரோட்டிலா? அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பூமிக்கு அடியில போகும்போதுய்யா. அங்க ஏது ரயில்வே கேட்டு?" என்றார். அப்புறம்தான் விளங்கியது. நான் நினைத்தது மதுரைப் பக்கத்துத் திருமங்கலம், அவர் சொன்னது சென்னைத் திருமங்கலம். மகன் வீடு கோயம்பேட்டில். கோயம்பேட்டில் பாலத்தின் மேல் ஓடும் மெட்ரோ, அடுத்த ஸ்டேஷனான திருமங்கலத்துக்குள் சுரங்கமாக இறங்கிவிடும்.

நம்ம ஊர்த் திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் மதுரையில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் குறை மாதம் தவறாமல் வருகிறது. பிள்ளைகளைப் பார்க்கச் சென்னை, பெங்களூர் போய்வருகிறவர்கள், பொங்கல் முடிந்து ஊர் திரும்பிய மாணவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "சுரங்கத்துல டவர் போகுது." விசாரித்தால் ஆளுக்கொரு குறை. ஒருவருக்குப் போனில் ஒன்றுமே இல்லை. இன்னொருவருக்குச் சிம் பழசு. மூன்றாமவருக்கு உண்மையிலேயே போர்டில் கோளாறு. இந்த மூவரும் ஒரே செலவைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: பக்கத்து ஆள் போனைப் பாருங்கள்

டவர் போன அந்த நிமிடத்தில், அதே பெட்டியில், உங்கள் கம்பெனி சிம்மே போட்டிருக்கும் இன்னொருவர் போனில் டவர் இருக்கிறதா? கேட்கக் கூச்சமாக இருந்தால் கூட வந்தவர் போனைப் பாருங்கள்.

அவருக்கும் இல்லை என்றால் போனில் கை வைக்காதீர்கள். அந்த இடத்தில் உங்கள் கம்பெனியின் சிக்னல் இல்லை. எந்தக் கடைக்காரனாலும் ஒன்றும் செய்ய முடியாது, நான் உட்பட.

அவருக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்றால் சிம்மோ செட்டிங்கோ போனோ காரணம். கீழே படியுங்கள்.

வேறு கம்பெனி சிம் உள்ளவருக்கு மட்டும் இருக்கிறது என்றால், அங்கே அந்தக் கம்பெனி கருவி பொருத்தியிருக்கிறது, உங்களுடையது பொருத்தவில்லை. இரண்டாவது சிம் ஒன்றே வழி.

சென்னையில் எது சுரங்கம் என்று தெரிந்துவைத்துக்கொள்வதும் நல்லது. பச்சைத் தடத்தில் திருமங்கலத்திலிருந்து ஷெனாய் நகர், கீழ்ப்பாக்கம், எழும்பூர் வழியாகச் சென்ட்ரல் வரை பூமிக்கு அடியில். நீலத் தடத்தில் சைதாப்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டை, சென்ட்ரல், மண்ணடி வழியாகத் தண்டையார்பேட்டை வரை. சின்னமலையிலோ விமான நிலையத்திலோ டவர் போனால் சுரங்கத்தைக் குறை சொல்ல முடியாது. அது மேலே ஓடும் பகுதி.

ஊரிலிருந்தே ஒரு ஒத்திகை பார்க்கலாம். மதுரையில் சுரங்கம் இல்லையே தவிர, அடித்தள வண்டி நிறுத்தங்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய துணிக்கடை, ஆஸ்பத்திரி, பெரியார் பஸ் ஸ்டாண்டு வளாகம் என்று எங்காவது வண்டியைக் கீழே இறக்கும்போது போனைப் பாருங்கள். உள்ளே போனதும் டவர் குறைவது சரி. வெளியே வந்து ஒரு நிமிடத்துக்குள் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் சென்னைக்குப் போகுமுன்பே பிடித்துவிட்டீர்கள்.

குறை 1: ஸ்டேஷனில் முழு டவர்; ரயில் கிளம்பியதும் ஒன்றுமில்லை

போனில் கோளாறு இருக்க வாய்ப்பே குறைவான குறை இதுதான். ஆனால் இதற்காகத்தான் அதிகம் பேர் கடைக்கு வருகிறார்கள்.

ரோட்டோரத்து டவரின் அலை மண்ணையும் கான்கிரீட்டையும் துளைத்து அந்த ஆழத்துக்கு வராது. ஆகவே ஸ்டேஷனுக்குள் கூரையில் சின்னச் சின்ன ஆன்டெனாக்களைத் தனியாக மாட்டுவார்கள். சுரங்கக் குழாய்க்குள் அதுவும் போதாது. சுவரோரமாக ஒரு கேபிளை நெடுகப் போடுவார்கள். அதன் மேலுறையில் வரிசையாகக் கீறல்கள் இருக்கும். சொட்டுநீர்ப் பாசனக் குழாயில் தண்ணீர் கசிவதுபோல அதில் அலை கசியும். ஸ்டேஷனில் ஆன்டெனா இருந்து, சுரங்கத்தில் உங்கள் கம்பெனியின் அலை அந்தக் கேபிளில் ஏற்றப்படவில்லை என்றால், ரயில் கிளம்பி நடைமேடை மறைந்ததும் டவர் போகும். அடுத்த ஸ்டேஷனில் வரும். மறுபடி போகும்.

சோதனை: இரண்டு மூன்று ஸ்டேஷன் தாண்டும்வரை கவனியுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டவர் திரும்பி, இடையில் மட்டும் போனால் சுரங்கத்தின் குறை. ஒரு ஸ்டேஷனில் போய் அடுத்த ஸ்டேஷனிலும் வராமல் நின்றால், குறை 4-க்குப் போங்கள்.

செய்யக்கூடியது: ஒன்றுமில்லை. பேச்சை ஏறுமுன் முடியுங்கள். பாட்டை முன்பே இறக்கி வையுங்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒன்றிரண்டு நிமிடம்தான்.

"இவ்வளவு கோடி போட்டுக் கட்டுறாங்க, இது முடியாதா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர்க் கதை சொல்வேன். லண்டனில் 1863-லேயே பூமிக்கடியில் ரயில் விட்டார்கள். சுரங்கத்துக்குள் 4ஜி வந்தது 2020 மார்ச்சில், அதுவும் ஜூபிலி தடத்தின் ஒரு பகுதிக்கு மட்டும். மும்பையில் மூன்றாம் தடம் 27 ஸ்டேஷன்களில் 26-ஐ பூமிக்கடியில் வைத்து 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்தது. திறந்த நேரத்தில் பயணிகளில் பெரும்பாலோர் டவர் இல்லாமல்தான் போனார்கள். உள்ளே கருவியை யார் பொருத்துவது, இடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று மெட்ரோ நிர்வாகத்துக்கும் போன் கம்பெனிகளுக்கும் இழுபறி. இதெல்லாம் இருக்க, உங்கள் போனின் டிஸ்ப்ளேயைக் கழற்றி என்ன ஆகப்போகிறது?

ஒரு எச்சரிக்கை. போனின் முதுகில் ஒட்டினால் டவர் கூடும் என்று ஒரு தங்க நிற ஸ்டிக்கர் விற்கிறார்கள். அது வெறும் ஸ்டிக்கர். வீட்டிலும் கடையிலும் மாட்டச் சொல்லி ஆன்லைனில் விற்கும் பூஸ்டர் பெட்டி அதைவிட மோசம். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்தார் டவரையும் அது கெடுக்கும்.

குறை 2: டவர் முழுசா காட்டுது, நெட் மட்டும் ஓடவில்லை

இது பலவிதம். எளிதானதிலிருந்து வருவோம்.

அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். சிரிக்காதீர்கள், இதுதான் முதல் காரணம். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, தூக்கம் வராமல் 12 மணிக்கு மேல் படம் பார்த்தால், அது புதிய நாளின் கணக்கு. விடியற்காலை எழும்பூரில் இறங்கும்போது ஒன்றரை ஜிபியும் காலி. டவர் இருக்கும், வாட்ஸ்அப்பில் வட்டம் மட்டும் சுற்றும். கம்பெனி ஆப்பில் மிச்சத்தைப் பாருங்கள்.

ஸ்டேஷன் வைஃபையில் போன் தானாக ஒட்டிக்கொண்டிருக்கும். லாகின் பக்கம் திறக்காமல் காத்துக்கொண்டிருக்கும். வைஃபையை அணைத்துப் பாருங்கள்.

டேட்டா வேறு சிம்மில் இருக்கும். இரண்டு சிம் போட்டவர்கள், டவர் காட்டும் சிம் எது, டேட்டாவுக்குத் தேர்ந்தெடுத்த சிம் எது என்று பாருங்கள். முதல் சிம்மில் நாலு பாயிண்ட், டேட்டா ஓடுவதோ பாயிண்டே இல்லாத இரண்டாவது சிம்மில். வாரத்துக்கு ஒன்று இப்படி வரும்.

5ஜி என்று எழுத்து மட்டும் இருக்கும். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நம் நாட்டில் 5ஜிக்குப் பரவலாகப் பயன்படுவது 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை. 5ஜி 2022 அக்டோபரில்தான் இங்கே வந்தது. அதற்கு முன் சுரங்கங்களில் போட்ட கேபிள்களும் பிரிப்பான்களும் பெரும்பாலும் 2700 வரை தாங்கும்படி செய்தவை. ஆகவே உள்ளே 4ஜி நன்றாக இருக்கும், 5ஜி ஈனஸ்வரத்தில் இருக்கும். சில போன்கள் விவரமாக 4ஜிக்கு இறங்கும். சில போன்கள் அந்த ஈனஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். சிம் செட்டிங்கில் நெட்வொர்க் வகையை 4ஜி அல்லது எல்டிஇ என்று மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் ஓடினால் போனில் கோளாறு இல்லை. மேலே வந்ததும் பழையபடி வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் போனவர்கள் இன்னொன்றும் பாருங்கள். வேறு மாநிலத்தில் சில போன்களில் ரோமிங் டேட்டா அணைந்திருந்தால் பேச்சு வரும், நெட் வராது. அதை ஆன் செய்யுங்கள்.

இவ்வளவும் சரி, காலை ஒன்பது மணிக்கு மட்டும் ஓடவில்லை, மதியம் ஓடுகிறது என்றால் கூட்டம். சென்ட்ரலில் ஆயிரம் பேர் ஒரே ஆன்டெனாவை உறிஞ்சுகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் ஆத்துக்குள் நின்று போட்டோ அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

குறை 3: எஸ்கலேட்டரில் இறங்கும்போதே பேச்சு அறுந்துபோகிறது

ரோட்டு டவரிலிருந்து ஸ்டேஷனுக்குள் இருக்கும் ஆன்டெனாவுக்குப் போன் கைமாற வேண்டிய இடம் அந்தப் படிக்கட்டுதான். இரண்டும் ஒன்றையொன்று தழுவாத இடைவெளி இருந்தால் பேச்சு அறும்.

எப்போதாவது அறுந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும், எல்லா ஸ்டேஷனிலும் அறுந்தால், செட்டிங்கில் வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால், பேச்சு வரும்போது போன் 4ஜியை விட்டுவிட்டுப் பழைய 2ஜியைத் தேடும். கீழே 2ஜி இல்லாவிட்டால் அவ்வளவுதான். ஜியோவில் 2ஜி கிடையவே கிடையாது, வோல்ட்டி இல்லாமல் பேசவே முடியாது.

வோல்ட்டி ஆன் செய்யும் இடமே போனில் காணோம் என்றால், வெளிநாட்டிலிருந்து வந்த போனாக இருக்கலாம். துபாயில் இருக்கும் மச்சான் கொண்டுவந்த போன்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சாஃப்ட்வேர் அப்டேட் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அந்தப் போனின் தலையெழுத்து அது. கடைக்குக் கொடுத்துச் செலவு செய்ய வேண்டாம்.

குரல் விட்டுவிட்டு வருகிறது, ஒருபக்கம் மட்டும் கேட்கிறது என்பதற்கும் சுரங்கத்தில் இதே காரணங்கள்தான். மேலே வந்தும் அப்படியே இருந்தால் மைக் அல்லது ஸ்பீக்கர்.

குறை 4: மேலே வந்து பத்து நிமிடம் ஆகியும் டவர் திரும்பவில்லை

இதைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். சுரங்கத்துக்குள் டவர் போவது இயற்கை. வெளியே வந்தும் வராதது போனின் குணம்.

சில போன்கள் ஒருமுறை டவரை இழந்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்க, தேடும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு நிமிடம் பொறுங்கள். வரவில்லையா? ஃபிளைட் மோடை ஆன் செய்து, பத்து எண்ணி, ஆஃப் செய்யுங்கள். இதற்கு வந்துவிட்டால், வருவது ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் என்றாலும், கவலைப்படும் கோளாறு இல்லை. அதற்கும் வரவில்லை என்றால் போனை அணைத்து ஆன் செய்யுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால், திரையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இரண்டு விதமாக எழுதும், இரண்டும் வேறு வேறு.

"அவசர அழைப்பு மட்டும்" என்று இருந்தால்: போனுக்கு அலை கேட்கிறது. ஆன்டெனா உயிரோடு இருக்கிறது. ஆனால் உங்கள் சிம்மை எந்த நெட்வொர்க்கும் உள்ளே விடவில்லை. போனைக் கழற்ற வேண்டாம். சிம், செட்டிங் இரண்டையும்தான் பார்க்க வேண்டும். (இந்த நிலையிலும் 112-க்குப் பேசலாம். வேறு கம்பெனியின் டவர் வழியாகப் போகும்.)

"சேவை இல்லை" என்று மட்டும் இருந்தால்: போனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நட்ட நடு ரோட்டில், சுற்றி எல்லார் போனும் பேசும்போது இப்படி இருந்தால் ஆன்டெனா பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

செட்டிங்: நெட்வொர்க் தேர்வு "தானாக" என்று இருக்கிறதா? வாத்தியாருக்கு நடந்தது இதுதான். மகன் வீட்டில் டவர் சரியில்லை என்று பேரன் எதையோ அழுத்தி, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டான். சுரங்கத்தில் அந்த ஒன்று தொலைந்ததும் போன் வேறெதையும் தேடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஏற்கெனவே போன ஒரு கடையில் இதற்குச் சார்ஜிங் போர்டை மாற்றிக் காசு வாங்கியிருந்தார்கள். நான் தேர்வைத் "தானாக" என்று மாற்றிக் கொடுத்தேன். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அது சரியாக இருந்தால் நெட்வொர்க் ரீசெட். போட்டோ, நம்பர் எதுவும் போகாது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போகும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். இதையும் "எல்லாவற்றையும் அழி" என்ற ரீசெட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

சிம்: கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி போடுங்கள். இரண்டு சிம் இடம் உள்ள போனில் இடம் மாற்றிப் போடுங்கள். அடுத்து, உங்கள் சிம்மை வேறு போனிலும், வேறு சிம்மை உங்கள் போனிலும் போட்டுப் பாருங்கள். குறை சிம்மோடு போகிறதா, போனோடு நிற்கிறதா என்று இதில் தெரிந்துவிடும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் சிலர் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய சிம்மைப் பெரிய அளவிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அது 4ஜிக்கு முந்தியது. ஊரில் 2ஜியில் பேசிக்கொண்டிருப்பார்கள். சென்னைச் சுரங்கத்தில் அதற்கு வேலை இல்லை.

சிம் மாற்றுவது மலிவு. ஆனால் பயணத்துக்கு முந்திய நாள் மாற்றாதீர்கள். புது சிம் போட்டு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த விதி. ஓடிபி வராமல் டிக்கெட்டும் எடுக்க முடியாது, யூபிஐயும் திறக்காது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற நினைப்பவர்களும் கவனிக்கவும்: சிம் மாற்றிய ஏழு நாளைக்கு அதுவும் முடியாது.

சிம் நல்லது, செட்டிங் நல்லது, போனோடு குறை நிற்கிறது என்றால் குறை 7.

செங்கோட்டை வழியாகப் புனலூர், குருவாயூர் போகிறவர்களும் இதே குறையோடு வருவார்கள். அந்த மலைப்பாதைக் குகைகளிலும் அதைச் சுற்றிய காட்டிலும் டவர் இல்லை. குகை தாண்டியதும் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தென்மலையோ செங்கோட்டையோ தாண்டும்வரை சோதனையை ஒத்திப்போடுங்கள்.

குறை 5: வெளியேறும் கேட்டில் டிக்கெட் திறக்கவில்லை

டவர் குறைகளிலேயே ஆளைப் பதற வைப்பது இதுதான். பின்னால் இருபது பேர் நிற்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆர் படம் மங்கலாக நின்று வட்டம் சுற்றும்.

காரணம் அநேகமாக ஒன்றுதான்: படம் வந்தது, இறங்கவில்லை. வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை மிச்சத்துக்காக அணைத்து வைத்திருப்பீர்கள். மேலே ரோட்டில் நிற்கும்போதே படத்தைத் தொட்டு, பெரிதாக்கி, கட்டங்கள் கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கீறல் விழுந்த கண்ணாடி ஒட்டியிருந்தால் கேட் படிக்கத் தடுமாறும்.

யூபிஐயில் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை என்றால் இரண்டாவது தடவை பணம் போடாதீர்கள். மேலே ஏறி, டவர் உள்ள இடத்தில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். பெரும்பாலும் வந்து சேரும்.

வெளியேறும் பக்கம் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். கேட்டுக்கு அருகில் வாடிக்கையாளர் சேவை மேசை இருக்கும். அங்கே போய் நிலைமையைச் சொல்லுங்கள். கேட்டைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

வயசான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது: சிங்காரச் சென்னை அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பணம் அட்டையிலேயே இருக்கும். கேட்டில் தட்டினால் திறக்கும். போனில் டவர் இருந்தால் என்ன, போனே இல்லாவிட்டால் என்ன. ஆன்லைனில் பணம் ஏற்றினால் ஸ்டேஷனில் ஒருமுறை அட்டையில் பதிய வேண்டியிருக்கும். அதை மறந்துவிட்டு, "பணம் போட்டேன், திறக்கல" என்று என்னிடம் போன் செய்யாதீர்கள்.

குறை 6: மேப்பில் நீலப்புள்ளி எழும்பூரிலேயே நிற்கிறது, போன் சூடாகிறது

நீலப்புள்ளிக்குக் காரணம் ஜிபிஎஸ். அது வானத்திலிருந்து வருவது, பூமிக்கடியில் வராது. ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பாருங்கள். மேலே வந்ததும் சரியாகிவிடும்.

சூடு: டவர் மெலிந்த இடத்தில் போன் உரக்கக் கத்திக்கொண்டே இருக்கும். அதில் பேட்டரி கரையும், சூடும் வரும். தினமும் ஒரு மணி நேரம் சுரங்கத்தில் போகிறவர்கள், உள்ளே டவர் இல்லை என்று தெரிந்தால் ஃபிளைட் மோடில் போடுங்கள். டவர் நன்றாக உள்ள இடத்தில் சும்மா கிடக்கும்போதும் சூடானால், அல்லது போனின் முதுகு லேசாக உப்பியிருந்தால், அது டவர் விவகாரமில்லை. பேட்டரி. அன்றைக்கே கடைக்கு வாருங்கள், சார்ஜ் போட வேண்டாம்.

குறை 7: சுரங்கத்தில் மட்டுமில்லை, இப்போது எங்கேயும் டவர் கம்மி

இதற்குத்தான் தொழில் தெரிந்தவர் வேண்டும். வருமுன் சிக்னல் எண்ணைக் குறித்து வாருங்கள்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதி, அதில் சிம் நிலை. சிக்னல் அளவு என்று கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். சில போன்களில் *#*#4636#*#* அடித்தால் வரும். ஐபோனில் *3001#12345#* அடித்துக் கூப்பிடும் பொத்தானை அழுத்த வேண்டும். கழித்தல் 85 என்றால் அருமை. கழித்தல் 100 என்றால் ஒப்பேறும். கழித்தல் 115-க்கு அப்பால் என்றால் பேச்சே தள்ளாடும். பாயிண்ட் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனி போனும் அதைத் தன் இஷ்டத்துக்கு வரைகிறது.

வீட்டு மொட்டை மாடியில், அதே கம்பெனி சிம் உள்ள இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்து இரண்டு எண்ணையும் பாருங்கள். ஐந்தாறு வித்தியாசம் சகஜம். இருபது வித்தியாசம் இருந்தால் போனில் கோளாறு இருக்கிறது. அப்போதும் முதலில் கவரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். உலோகக் கவர், வண்டியில் ஒட்டவைக்கும் காந்தத் தகடு இரண்டும் சிக்னலைத் தின்னும்.

கவர் இல்லாமலும் அப்படியே என்றால், சமீபத்தில் டிஸ்ப்ளேயோ பேட்டரியோ மாற்றினீர்களா என்று யோசியுங்கள். பல போன்களில் ஆன்டெனாவிலிருந்து மேல் போர்டுக்கு நூல்போல ஒரு வயர் போகும். போனைத் திறந்து மூடும்போது அதன் முனை சரியாகக் கவ்வாமல் விட்டுவிடுவார்கள். ரோட்டில் டவர் பக்கத்தில் தெரியாது. சுரங்கத்திலும் அடித்தளத்திலும் அம்பலமாகும். மாற்றிய கடைக்கே கொண்டுபோங்கள். இரண்டு நிமிட வேலை, காசு கேட்கக் கூடாது.

அடுத்த படி கீழ்ப்பக்கச் சப் போர்டு அல்லது அந்த வயர். நூறுகளில் முடியும். அதற்கும் அப்பால் மெயின் போர்டில் நெட்வொர்க் ஐசி (சிக்னலைக் கவனிக்கும் சில்லு) வேலை. கீழே விழுந்த போன், தண்ணீரில் விழுந்த போன் என்றால் அங்கேதான் போய் நிற்கும். ஆயிரங்களில் ஆகும், நிச்சயமும் கிடையாது. மூன்று நான்கு வருடமான போனுக்கு அந்தச் செலவை நானே வேண்டாம் என்பேன். வாரண்டி உள்ள போனை எங்களைப் போன்ற கடையில் திறக்கவே திறக்காதீர்கள், கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

போன் நல்லது, சிம் நல்லது, ஒரே ஸ்டேஷனில் மட்டும் உங்கள் கம்பெனிக்கு எப்போதும் டவர் இல்லை என்றால் புகார்தான். அந்தச் சிம்மிலிருந்தே 198-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. ஸ்டேஷன் பெயர், நடைமேடையா டிக்கெட் தளமா, எத்தனை மணி, எத்தனை நாளாக என்று சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் அந்த எண்ணை வைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். "சென்னையில டவர் இல்ல" என்று மொட்டையாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது.

என்னிடம் வருகிறவர்கள் மொட்டை மாடியில் பார்த்த அந்த இரண்டு சிக்னல் எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, போட்டோக்களைப் பேக்கப் எடுத்துவிட்டு, இன்னொரு கம்பெனி சிம் ஒன்றும் கொண்டு வாருங்கள். சிம் ட்ரே குத்துகிற ஊசி கடையில் இருக்கிறது.